செல்வியின் பாலில் இருப்பது

தாய்ப்பாலில் உள்ள நோயெதிர்ப்புப் புரதங்களை அளப்பது எங்கள் ஆய்வகத்தின் வேலை. பால் கேட்டு வீடு வீடாக அலைவது என் வேலை.

ஸ்ரீராம்புரத்தில் ஒரு மாதம் அலைந்தும் கொடுத்தவர் செல்வி ஒருவர்தான். அதுவும் ஒரு நிபந்தனையோடு.

"ரிசல்ட்ட என்கிட்டயும் சொல்லணும் மேடம். உன் பாலு வெறும் தண்ணி, டப்பா பவுடர் வாங்குன்னு நாத்தனாரு தினமும் சொல்றாங்க."

இன்று காலை ரிசல்ட்டோடு போனேன்.

"பாக்கத்தான் தண்ணி மாதிரி இருக்கு செல்வி. கிருமி வந்தா எப்ப சண்டை போடணும், எப்ப நிறுத்தணும்னு குழந்தை உடம்புக்குச் சேதி சொல்ற புரோட்டீனெல்லாம் இதுல இருக்கு."

செல்வி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"அண்ணி, இங்க வாங்க! மேடம், இன்னொரு வாட்டி சொல்லுங்க. கொஞ்சம் சத்தமா."

சத்தமாகவே சொன்னேன். பக்கத்து வீட்டுப் பெண்களும் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

நாத்தனார் என் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஹௌதா, நெஜமாவா? என் பொண்ணுக்கு இது எட்டாம் மாசம். குழந்தை பொறந்ததும் அவளோடதையும் பாப்பீங்களா?"

"கண்டிப்பா பாக்கறேம்மா."

"அவ பால தண்ணின்னு யாரும் சொல்லாம நான் பாத்துக்கறேன் அண்ணி" என்றார் செல்வி. அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அந்தச் சந்திலிருந்து வெளியே வரும்போது என் நோட்டில் புதிதாக ஐந்து தாய்மார்களின் பெயர்கள். இந்தப் பதிவைத் தன் பெயர் போட்டே எழுதச் சொன்னதும் செல்விதான்.

ஆய்வகமே இல்லாமல் பாலைப் பரிசோதிக்கும் நிபுணர்கள் உங்கள் வீட்டிலும் உண்டா? பெயர் வேண்டாம், உறவுமுறையை மட்டும் கமெண்டில் போடுங்கள்.