தோசைக்கல்லில் வைத்த விண்கல்

விண்ணிலிருந்து விழும் இரும்புக் கற்களைச் சேகரிப்பவன் நான். திருவொற்றியூர் பழைய இரும்புக் கடையில், விண்கற்களில் இருப்பதுபோலவே கட்டைவிரலால் அழுத்திய மாதிரிக் குழிகளுடன் ஒரு கனத்த துண்டு கிடைத்தது. காந்தம் ஒட்டியதும் விண்கல்லேதான் என்று வாங்கிவந்தேன். ஈரம் தங்கினால் துரு பரவும் என்பதால், கழுவித் தேய்த்து, தோசைக்கல்லில் வைத்துச் சூடாக்கினேன்.

துரு உதிர்ந்தது. “இன்னாங்க, அதுல பித்தள வளையம் மாரி கீது?” என்றாள் மனைவி.

விண்கல்லில் ஏது பித்தளை? துறைமுகத்தில் இறங்கும் பழைய இரும்பில் சில சமயம் பித்தளை வளையம் போட்ட வெடிக்காத குண்டுகளும் வரும் என்று படித்தது அப்போதுதான் உறைத்தது. அடுப்பின் முன்னாலேயே நின்றேன். “நவுருங்க” என்று அவள்தான் அடுப்பை அணைத்தாள்.

நான் போன் செய்ததும் வந்த போலீஸார் தெருவையே காலி செய்துவிட்டு, பீரங்கிக் குண்டுதான் என்று சொல்லி எடுத்துப்போனார்கள்.

இப்போது அறுத்து உள்பக்கம் காட்டிய துண்டுகளை மட்டுமே வாங்குகிறேன். குக்கர் விசில் அடித்தால் இன்னும் வாசலுக்கு ஓடிவிடுகிறேன்.