ஆவிப் பந்தும் ஏழுமலையின் கையும்

பூல் டேபிள் வைத்துப் பிழைக்கிறவர்களுக்குத் தெரிந்த உண்மை ஒன்று உண்டு: பந்து குழியில் விழுந்தால் அது ஆடினவர் திறமை, விழாவிட்டால் டேபிள் கோணல். கேரம் கிளப், ஜிம், பிரௌசிங் சென்டர் என்று ஏதாவது நடத்தி நொந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதே இல்லை.

நான் இந்தத் தொழிலுக்கு ஆசைப்பட்டு வரவில்லை. நெய்வேலி டவுன்ஷிப் கேட்டுக்கு வெளியே ஒரு மாடியில் என் தம்பி இரண்டு டேபிள் போட்டுக் கடை ஆரம்பித்தான். ஆரம்பித்த சூட்டோடு அவனுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. என் வீட்டுக்காரர் மைன்ஸில் ஷிப்ட் பார்ப்பவர், அவருக்குத் தூங்கவே நேரம் போதாது. மிச்சம் இருந்தது நான்தான். பந்தை அடிக்கிற கோலுக்குப் பெயர் கியூ என்பதே சாவியை வாங்கின அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

கெட்ட வார்த்தைக்குத் தடை

நான் கவுண்டரில் உட்கார்ந்த முதல் வாரம் கடை கோயில் மாதிரி இருந்தது. செகண்ட் ஷிப்ட் போகிறவர்கள், ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடித்தவர்கள், கான்ட்ராக்ட் ஆட்கள், எல்லாரும் வருவார்கள். என்னைப் பார்த்ததும் குரல் தாழ்ந்துவிடும். பந்து தவறினால் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்ப்பார்கள். நான் ஏதோ மரியாதை என்று நினைத்து மகிழ்ந்துகொண்டிருந்தேன்.

வாரக் கடைசியில் டிப்பர் லாரி ஓட்டும் ஏழுமலை கவுண்டருக்கு வந்து நின்றான். முத்தாண்டிக்குப்பத்துக்காரன். எங்கள் கடையில் அவனை ஜெயித்தவர் யாரும் கிடையாது. தலையைச் சொறிந்துகொண்டே சொன்னான்: "அக்கா, நீ கொஞ்ச நேரம் கீழ போயி டீ குடிச்சிட்டு வாக்கா. திட்டாம ஆடுனா பந்து வுழ மாட்டேங்குது."

ரசமட்டம்

இன்னொரு வாடிக்கையாளர் மாசிலாமணி சார். மைன்ஸில் சர்வே பிரிவு, பெர்மனென்ட், டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ். ஐம்பதை நெருங்கின பிறகு டாக்டர் நடக்கச் சொன்னதும், டேபிளைச் சுற்றி நடந்தால் போதாதா என்று எங்களிடம் வந்து சேர்ந்தவர். நடை நன்றாக வந்தது, ஆட்டம் வரவில்லை.

ஒருநாள் பையில் ரசமட்டம் கொண்டுவந்தார். டேபிளின் நாலு மூலையிலும் நடுவிலும் வைத்துப் பார்த்தார். குமிழி நடுவிலேயே நின்றது. திருப்பி வைத்துப் பார்த்தார். அப்போதும் நடுவில்தான். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. இனி யாரும் டேபிளைக் குறை சொல்ல முடியாது, சர்வே டிபார்ட்மென்ட்டே சர்டிபிகேட் கொடுத்துவிட்டது என்று நினைத்தேன். அவர் ரசமட்டத்தைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "டேபிள் சரியாத்தான் இருக்கு மேடம். ஊர்தான் சாஞ்சிருக்கு. நாங்க தோண்டின தோண்டுக்கு சாயாம என்ன செய்யும்?"

பேய் நடமாட்டம்

ஊரைக் குறை சொல்லிப் பயனில்லை என்று தெரிந்த பிறகு மாசிலாமணி சார் செல்போனில் பாடம் பார்க்க ஆரம்பித்தார். டேட்டா மலிவாகி, எதை வேண்டுமானாலும் வீடியோவில் கற்றுக்கொள்ளலாம் என்று ஊரே நம்பிய காலம். அவர் முதலில் கற்றுக்கொண்டது ஆவிப் பந்து. நாம் குழிக்குள் தள்ள வேண்டிய பந்தை ஒட்டினாற்போல, குழிக்கு நேர் எதிர்ப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத ஒரு வெள்ளைப் பந்து நிற்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். நம் வெள்ளைப் பந்து அந்த ஆவியின் இடத்துக்குப் போனால் போதும், மற்றது தானாக விழும்.

இதை அவர் டேபிளுக்கு டேபிள் போய் உரக்க விளக்கினார். "ஆவி இங்க நிக்குது பாருங்க", "ஆவியைப் பாத்து அடிங்க", "ஆவி உங்களுக்குத் தெரியலையா, எனக்குத் தெளிவா தெரியுதே." அந்த நேரம் பார்த்துக் கடை பெருக்கும் பச்சையம்மா உள்ளே வந்துவிட்டாள். துடைப்பத்தைப் போட்டுவிட்டுக் கீழே ஓடினவள் மறுநாள் திருநீறும் எலுமிச்சம்பழமுமாக வந்தாள். நான் உட்கார வைத்து எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டவள் பழத்தை முந்தானையில் முடிந்துகொண்டு சொன்னாள்: "இல்லாத பந்தப் பாத்துக்கினு இருக்கற பந்த வுட்டுடறாரு. இந்தப் பழம் டேபிளுக்கு வாணாம்மா, அந்த சாரு தலையில தேய்க்கச் சொல்லு."

அரை, கால், அரைக்கால்

ஆவி கைகொடுக்கவில்லை. அடுத்து பின்னக் கணக்கு வந்தது. வெள்ளைப் பந்தின் நடு மற்றப் பந்தின் ஓரத்தைப் பார்த்தால் அரை, இன்னும் உள்ளே போனால் முக்கால், வெளியே போனால் கால், அதற்கும் வெளியே அரைக்கால். சார் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் குனிவார், நிமிர்வார், சுற்றி வருவார், ஒரு கண்ணை மூடுவார், மறு கண்ணை மூடுவார். "முக்கால்… இல்லை, முக்காலுக்குக் கொஞ்சம் கம்மி" என்று அறிவித்துவிட்டுத்தான் அடிப்பார். எதிரே ஆடுகிறவர் அதற்குள் ஒரு டீயை முடித்துவிட்டு வரலாம்.

ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டும். அவருடைய ஆட்டம் முன்னேறியது. பத்தில் இரண்டு விழுந்த இடத்தில் ஐந்து விழ ஆரம்பித்தது. விழுந்ததும் குழந்தை மாதிரி எல்லார் முகத்தையும் பார்ப்பார். நாங்கள் கைதட்டுவோம். ஏழுமலைக்கு மட்டும் அந்தக் காத்திருப்பு ஆகாது. ஒருநாள் தாங்க முடியாமல் கேட்டேவிட்டான்: "சார், நீங்க பந்து அடிக்கறீங்களா, வூட்டுக்கு நல்லெண்ணெ அளக்கறீங்களா?"

சோற்றுக்கு என்ன கோணம்

ஏழுமலையின் ஆட்டம் வேறு ஜாதி. நடந்துகொண்டே குனிவான், குனிந்துகொண்டே அடிப்பான், பந்து விழுவதற்குள் அடுத்ததற்குப் போய்விடுவான். எப்படிடா என்றால், "பாக்கறன், அடிக்கறன்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. மாசிலாமணி சாருக்கு இது பொறுக்கவில்லை. பொறாமை இல்லை, உண்மையான ஆர்வம். அவன் ஆட்டத்தை செல்போனில் பிடித்து, வேகத்தைக் குறைத்து, அவனுக்கே போட்டுக் காட்டினார். "பாருப்பா, அடிக்கறதுக்கு முன்னாடி இடுப்பைத் திருப்பற. வலது கண்ணைச் சுருக்கற. முழங்கை ஒரு தடவை நின்னு போகுது. ஏன்?"

ஏன் என்று ஏழுமலை அதுவரை யோசித்ததே இல்லை. யோசிக்க ஆரம்பித்தான். அன்று சாயங்காலம் குழி வாயில் நின்ற பந்தையே விட்டான். மறுநாளும் விட்டான். ஒரு வாரத்தில் எங்கள் கடையில் அவனை ஜெயிக்காதவர் யாரும் இல்லை என்றாகிவிட்டது. திட்டக்கூட மறந்துபோனான். இதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்போம். மண் கொட்டும் இடத்தில் டிப்பரை ரிவர்ஸ் எடுக்கும்போதும் கை தயங்குகிறது என்றான். சூப்பர்வைசர் ஒருமுறை கத்திவிட்டார். கான்ட்ராக்ட் வேலை. இரண்டாம் முறை கத்த மாட்டார்கள், வேறு டிரைவரைக் கூப்பிடுவார்கள். மாசிலாமணி சார் முகம் செத்துப்போய்விட்டது. வீடியோவை அழித்துவிட்டேன் என்று செல்போனை நீட்டினார். ஏழுமலை அதைப் பார்க்கக்கூட இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "அழிச்சி இன்னா சார் பண்றது? நேத்து வூட்ல சோத்த அள்ளிக்கினு அப்பிடியே குந்தியிருக்கறன், வாய்க்கு எந்தக் கோணத்துல தூக்கணும்னு."

வடலூர் ஏ.சி. கடை

எனக்கும் அந்தச் சமயத்தில் ஒரு கவலை இருந்தது. வடலூரில் ஏ.சி. போட்டுப் புதிதாக ஒரு பூல் கடை திறந்திருந்தார்கள். எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக வண்டியைத் திருப்பிக்கொண்டு அங்கே போக ஆரம்பித்தார்கள். அந்தக் கடைக்காரர் ஜோடிப் போட்டி ஒன்று வைத்தார். ஜோடியில் இருவரும் மாறி மாறி அடிக்க வேண்டும். நான் எங்கள் கடை சார்பில் ஏழுமலையையும் மாசிலாமணி சாரையும் சேர்த்துப் பெயர் கொடுத்திருந்தேன். அது அந்த வீடியோவுக்கு முந்தின கதை. அப்போது என் கணக்கு, ஒருவர் நிதானம், ஒருவர் வேகம் என்பது. இப்போது ஒருவர் நிதானம், ஒருவர் தயக்கம். விலகிக்கொள்ளலாமா என்று கேட்டேன். சார் முடியாது என்றார். தன்னால் கெட்ட கை, தன் கண் முன்னாலேயே சரியாக வேண்டும் என்று அவருக்குப் பிடிவாதம்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனோம். முதல் இரண்டு ஆட்டத்தை எதிராளிகள் எங்களைவிட மோசமாக ஆடிய புண்ணியத்தில் தாண்டினோம். கடைசி ஆட்டம் அந்தக் கடைக்காரரோடும் அவர் மச்சானோடும். ஏழுமலை முதல் அடியிலேயே கியூவைப் பிடித்துக்கொண்டு உறைந்து நின்றான். சார் அவன் காதருகே போய், "நீ எதையும் யோசிக்காதே. நான் சொல்றேன், நீ அடி. இது அரை" என்றார். அடித்தான். விழுந்தது. அவனுடைய அடுத்த முறைக்கு "கால்" என்றார். அதுவும் விழுந்தது. யோசிக்கும் வேலையை அவர் எடுத்துக்கொண்டதும் அவன் தோள் இறங்கியதை நான் பார்த்தேன். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது, ஏ.சி. குளிர் என்று சொல்லிக்கொண்டேன். நாலாவது முறை சார் குனிந்து, நிமிர்ந்து, "இது வந்து… அரைக்…" என்று இழுத்தபோது பந்து குழிக்குள் போய்விட்டிருந்தது. ஏழுமலை சாக் கட்டியை எடுத்துக் கியூ நுனியில் தேய்த்துக்கொண்டே அடுத்த பக்கம் நடந்தான், பழைய நடை. சார் கோபமும் சிரிப்புமாகக் கத்தினார்: "யோவ், நான் இன்னும் சொல்லியே முடிக்கலைய்யா!"

கருப்புப் பந்து வழக்கு

எங்கள் பங்குப் பந்துகள் எல்லாம் குழிக்குள் போய்விட்டன. மிச்சம் கருப்பு. அதைப் போட்டால் கோப்பை எங்களுக்கு. முறை மாசிலாமணி சாருடையது. அவர் சுற்றி வந்தார். கூட்டம் பெருமூச்சு விட்டது. இன்னொரு முறை சுற்றி வந்தார். "முக்கால்" என்று அறிவித்தார். அடித்தார். கியூவின் நுனி வெள்ளைப் பந்தின் ஓரத்தில் வழுக்கிவிட்டது. வெள்ளை கோணல்மாணலாகப் போய்க் கருப்பைத் தொட்டது. கருப்பு டேபிளின் எதிர்ச் சுவரில் மோதி, பக்கச் சுவரில் மோதி, திரும்பி வந்து, அவர் கனவிலும் நினைக்காத நடுக் குழியில் சாவகாசமாக விழுந்தது.

எங்கள் ஆட்கள் கூவினார்கள். சார் கையை உயர்த்தி எல்லாரையும் அடக்கிவிட்டு, "இது செல்லாது. நான் அந்த மூலையைத்தான் குறி வெச்சேன்" என்றார். எனக்கு அவர் கையில் இருந்த கியூவைப் பிடுங்கி அவரையே சாத்தலாம் போல இருந்தது. கடைக்காரரின் மச்சான் சந்தோஷமாக, "அவரே சொல்றாரே!" என்றார். நடுவர், எந்தக் குழி என்று முன்கூட்டிச் சொல்லும் விதி இங்கே கிடையாது, விழுந்தால் விழுந்ததுதான் என்றார். சார் விதியே தவறு என்று வாதாடினார். ஜெயித்த ஆள் தோற்கப் போராடுவதை வடலூர் அன்றைக்குத்தான் பார்த்தது. கடைசியில் ஏழுமலை அவர் தோளில் கை போட்டுத் தள்ளிக்கொண்டு போய்க் கோப்பை முன்னால் நிறுத்தினான்: "வுடு சார். நீ எங்க பாத்தன்னு பந்துக்கு இன்னா தெரியும்?"

மறுநாள் காலை

கோப்பையைக் கவுண்டரில் வைத்தேன். பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் ஆடிவிட்டும் போனார்கள். வடலூர் போனவர்களும் ஏ.சி.யில் மூக்கடைப்பு என்று சொல்லிக்கொண்டு திரும்ப ஆரம்பித்தார்கள். ஏழுமலை டிப்பரைக் கண்ணாடி பார்த்து ஒரே மூச்சில் ரிவர்ஸ் எடுக்கிறானாம். அதை யாரும் படம் பிடிக்கக் கூடாது என்று மட்டும் கண்டிஷன்.

ஆனால் போட்டிக்கு மறுநாள் காலை நான் கடை திறக்கும்போதே மாசிலாமணி சார் படியில் காத்திருந்தார். கருப்பை முந்தின நாள் நின்ற அதே இடத்தில் வைத்தார். கியூவை வேண்டுமென்றே வழுக்கவிட்டார். வெள்ளை டேபிளைவிட்டு எகிறிப் பச்சையம்மாவின் வாளிக்குள் விழுந்தது. எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தார். என்ன சார் இது என்றேன். கண் மின்னச் சொன்னார்: "நேத்து விழுந்தது தற்செயல் இல்ல மேடம். அந்த வழுக்கலுக்கும் ஒரு கணக்கு இருக்கு, இன்னிக்குள்ள பிடிச்சிடுவேன்."

கணக்குப் போட்டு ஆடுவதா, கை போகிற போக்கில் ஆடுவதா என்று இன்றும் என்னைக் கேட்கிறவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: எப்படி வேண்டுமானாலும் ஆடுங்கள், ஆனால் நன்றாக ஆடுகிறவனைப் பிடித்து ஏன் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், அவன் வீட்டில் சோறு ஆறிப்போகும்.