ஓணப் பரிசுச் சூத்திரம்

பாறசாலையில் ரயிலேறித் திருவனந்தபுரம் போய், ஒரு துணிக்கடை நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் கணினி முன்னால் உட்காருகிறவள் ரெஷ்மா. பதினான்கு கிளைகளின் விவரங்களைச் சலித்து, மேலாளர் அகிலேஷ் கேட்கும் பட்டியலை எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. சூத்திரம் எழுதுவதில் கெட்டிக்காரி என்று பெயர். அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

அந்த வேலைக்கு வழி காட்டியவள் செங்கல் என்ற ஊர்க்காரி பிரேமகுமாரி. நெய்யாற்றின்கரைக் கிளையின் சேலைப் பிரிவில் பதினாறு வருடமாகக் கால்கடுக்க நிற்கிறவள். பில் போட ஆள் தேடியபோது, “நமக்கு அறிஞ்ச பிள்ளையாக்கும்” என்று ரெஷ்மாவைக் கையோடு கூட்டிப் போனாள். அங்கிருந்துதான் ரெஷ்மா தலைமை அலுவலகத்துக்கு ஏறினாள்.

ஜூலையில் அகிலேஷ் ஒரு பட்டியல் கேட்டான். விடுப்பு அதிகம், தாமதம் அதிகம், விற்பனை குறைவு. மூன்றும் ஒருசேர உள்ளவர்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். ரெஷ்மாவுக்கு ரயிலைப் பிடிக்கும் அவசரம். போன ஓணத்துக்கு, பரிசு கொடுக்க வாடிக்கையாளர்களைத் தேர்ந்தெடுத்த பழைய சூத்திரத்தை நகலெடுத்தாள். பத்திகளின் பெயர்களை மாற்றினாள். நிபந்தனைகளுக்கு நடுவே இருந்த ‘அல்லது’ குறியை ‘மற்றும்’ ஆக்க மறந்துபோனாள். பரிசு கொடுக்க மூன்றில் ஒன்று பொருந்தினால் போதும் என்று போட்ட குறி அது. இப்போது அதே தாராளம் ஆட்களைத் துரத்தக் கிளம்பியது. பதினொரு பேர் வரவேண்டிய இடத்தில் நூற்று நாற்பத்தொரு பேர் வந்தார்கள். பிரேமகுமாரியின் பெயரும் அதில் இருந்தது. பட்டியல் அன்றைக்கே அகிலேஷிடம் போய்விட்டது.

மூன்றாம் நாள் ரெஷ்மாவே பிழையைக் கண்டுபிடித்தாள். பதறி ஓடிப்போய்ச் சொன்னாள். அகிலேஷ் சிரித்தான். முதலாளிக்கு அந்த எண்ணிக்கை ரொம்பப் பிடித்துவிட்டதாம். பிழை என்று வெளியே தெரிந்தால் நூற்று நாற்பத்திரண்டாவது பெயர் யாருடையது என்று அவளே யோசித்துக்கொள்ளட்டும் என்று மலையாளத்தில் மிக மரியாதையாகச் சொன்னான். துரோகத்துக்குப் பெரிய நெஞ்சழுத்தம் வேண்டாம், பயம் போதும். ரெஷ்மா தன் இடத்துக்குத் திரும்பி அந்தக் கோப்பை மூடினாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் சர்ச்சிலிருந்து திரும்பியபோது வீட்டு வாசலில் வேலைநீக்கக் கடிதத்தோடு பிரேமகுமாரி நின்றாள்.

“மக்கா, நான் ஒரு நாளு லேட் ஆனதில்ல. சேல்ஸ்லயும் முன்னாலதான். எனக்க மாப்பிள்ளைக்கு ஆபரேஷன் நடந்தப்ப எடுத்த லீவு மட்டும் உண்டு. எனக்க பேரு தப்பி வந்ததாக்கும். நீ கம்ப்யூட்டர்ல ஒண்ணு பாரு மக்கா.”

“பாத்தேன் சேச்சி. கம்ப்யூட்டருக்குத் தப்பு வராது.”

“அது உள்ளது. நீ செய்யதுல தப்பு வராதுண்ணு நான்தானே எல்லாருட்டயும் சொல்லுவேன்.” பிரேமகுமாரி கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். “அப்போ எனக்க வேலையிலதான் ஏதோ குறை உண்டு.”

பதினாறு வருடத்தில் முதன்முறையாக அவள் அதை நம்பினாள். கொண்டுவந்திருந்த வரிக்கைப் பலாச்சுளைப் பொட்டலத்தை ரெஷ்மாவின் கையில் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நடந்தாள்.

ரெஷ்மா அன்றைக்கே அதைத் தின்று தீர்த்தாள். நல்ல இனிப்பு.