எடுக்காத அழைப்புகளுக்கு வந்த பில்

நான் குடியிருக்கும் ஸ்வீடன் ஊரில் யாரும் யாருக்கும் மிஸ்டு கால் கொடுப்பதில்லை. இங்கே போன் அடித்தால் அது எடுப்பதற்காகத்தான் அடிக்கிறது. எடுக்க முடியாதவர் பிறகு வருத்தம் தெரிவித்துக் குறுஞ்செய்தி அனுப்புகிறார். வந்த புதிதில், பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டேன் என்று தெரிவிப்பதற்காக உடன் வேலை செய்பவருக்கு இரண்டு ரிங் விட்டுவிட்டு வைத்தேன். அவர் உடனே திரும்ப அழைத்து, "எங்கேயாவது அடிபட்டுவிட்டதா?" என்று கேட்டார். அதன் பிறகு அந்தப் பழக்கத்தை ஊருக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

ஊரில் அது பழக்கம் மட்டுமல்ல, ஒரு முழுப் பேச்சு. கப்பலூரில் ஒரு சிறிய பட்டறையில் உதிரி பாகங்களை அளந்து பார்க்கும் வேலையில் இருந்தபோது, சோழவந்தானிலிருந்து நாகமலை புதுக்கோட்டை வரை பஸ்ஸில் வருவேன். அங்கிருந்து அதே பட்டறையில் வேலை பார்த்த முத்தையா அண்ணனின் பைக். பஸ் ஊரை நெருங்கும்போது அவருக்கு மிஸ்டு கால் கொடுப்பேன். அவர் கட் பண்ணினால் பைக்கோடு நிற்கிறார் என்று பொருள். அடித்துக்கொண்டே இருந்தால் அவர் அன்றைக்கு லீவு. ஒரு நாள் பழக்க தோஷத்தில் எடுத்துவிட்டு, "என்ன மாப்ள, காச வீணாக்கிட்டியே" என்று என்னையே திட்டினார். எங்கள் வீட்டிலும் இதே முறைதான். அம்மா ரிங் விடுவாள். நான் கட் பண்ணுவேன். 'வாரேன்' என்று சொன்னதாக ஆகிவிடும்.

நான் இங்கே வந்த பிறகு முறை கொஞ்சம் மாறியது. அம்மா இரண்டு ரிங் விட்டுவிட்டு அவளே வைத்துவிடுவாள். நான் இங்கிருந்து கூப்பிடுவேன். அதற்காக அவளுடைய பட்டன் போனில் வெளிநாட்டுக்கு அழைக்கும் வசதியும் போட்டுக் கொடுத்திருந்தேன். போனில் பெயரைத் தேடி எடுக்க அவளுக்கு வராது. அதனால் நாட்டுக் குறியீட்டோடு நீளமாக இருக்கும் என் எண்ணை மனப்பாடம் செய்தாள். மனதில் பதிய ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. இப்போது அவளுக்கு மறதி வந்துவிட்டது. அடுப்பை அணைத்தோமா, மாத்திரை போட்டோமா என்று தெரியாமல் நிற்கிறாள். அந்த எண் மட்டும் தப்புவதில்லை.

இந்த முறை விடுமுறைக்குப் போனபோதும் அதே ஸ்வீடன் சிம்தான். என் போனில் இரண்டாவது சிம்முக்கு இடமில்லை. இங்குள்ள வங்கிக்கும் அந்த எண் வேண்டியிருந்தது. ரோமிங்கில் பேசினால் தீட்டிவிடுவார்கள் என்று தெரியும். ஆகவே நெட்டை அணைத்துவைத்தேன், ஒரு அழைப்பையும் எடுக்கவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. பகலில் தம்பி செல்வத்தோடு வெற்றிலைக் கொடிக்காலில் இருப்பேன். சாப்பாடு ஆனதும் அம்மா ரிங் விடுவாள். நான் கட் பண்ணிவிட்டுக் கால் கழுவப் போவேன். பகல், சாயங்காலக் காப்பி, ராத்திரி என்று எல்லாவற்றுக்கும் இப்படித்தான். இடையில் செல்வம் ஒருநாள், "அண்ணே, அம்மா போன்ல காசே நிக்க மாட்டேங்குது. போட்டா ரெண்டே நாள்ல காலி" என்றான். அம்மா, "நான் யார்ட்டடா பேசுனேன்? கம்பெனிக்காரன் திருடுறான்" என்றாள். மூவரும் கம்பெனிக்காரனைத் திட்டிவிட்டுச் சாப்பிட்டோம்.

திரும்பி வந்த மாதம் என் பில் வந்தது. வீட்டு வாடகையில் பாதிக்கு மேல். நான் தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவன். ஒரு அழைப்பும் பேசவில்லை என்பது எனக்கு உறுதியாகத் தெரியும். ஆட்சேபம் தெரிவித்து எழுதினேன். கட்டணம் சரியே, கட்டாவிட்டால் இணைப்பு துண்டிக்கப்படும், எண் வேறொருவருக்குப் போகும் என்று பதில் வந்தது. பணத்தை எப்படியாவது புரட்டிவிடலாம். ஆனால் பேசாத பேச்சுக்குக் கட்ட மனம் வரவில்லை. கட்டாமல் விட்டு எண் போனால், அம்மாவுக்கு இன்னொரு எண்ணை இனிமேல் யாராலும் கற்றுக்கொடுக்க முடியாது.

கடைக்கு நேரில் போனேன். நும்மெர்லாப் என்ற வரிசைச் சீட்டைக் கிழித்துக்கொண்டு காத்திருந்தேன். லீனா என்ற பெண் கணினியில் பார்த்துவிட்டு விளக்கினாள். நான் கட் பண்ணிய ஒவ்வொரு முறையும் அழைப்பு முடிந்துபோகவில்லை. இந்தியா வரை வந்த அழைப்பு, அங்கிருந்து ஸ்வீடனில் இருக்கும் என் குரல் பெட்டிக்கு, அதாவது எடுக்காத அழைப்புகளைப் பதிந்துவைக்கும் வாய்ஸ் மெயிலுக்கு, திரும்பிப் போயிருக்கிறது. வந்ததற்கு ஒரு கட்டணம், போனதற்கு ஒரு கட்டணம். அழைத்த எண் என் அம்மாவுடையது என்றேன்.

"அம்மாவின் அழைப்பை ஏன் ஒவ்வொரு நாளும் மறுத்தீர்கள்?" என்று கேட்டாள்.

"மறுக்கவில்லை. வருகிறேன் என்று சொன்னேன்."

"எடுக்காமலா?"

"எடுத்தால் காசு."

"நீங்கள் எடுக்கக் கூடாது என்று அவர் அழைக்கிறார். நீங்கள் மறுத்ததும் அவருக்குச் சந்தோஷம். அப்படியா?"

"ஆமாம்."

குடும்பத்தில் ஏதோ மனத்தாங்கல் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. குரலைத் தாழ்த்தி, "அவர் செய்திகள் விட்டிருக்கிறார். ஒன்றைக்கூட நீங்கள் கேட்கவில்லை" என்றாள். கேட்டுப் பார்க்கலாம் என்று என் போனை வாங்கி ஒலிபெருக்கியில் போட்டாள்.

முதலில் குக்கர் விசில். பிறகு தட்டு வைக்கும் சத்தம். அம்மா போனை அணைக்காமல் அப்படியே அடுப்பு மேடையில் வைத்திருக்கிறாள். நான் கட் பண்ணியதும் எல்லாம் முடிந்தது என்பது அவள் கணக்கு. அவள் போனில் காசு கரைந்தது இப்படித்தான். அடுத்ததில் தூரத்திலிருந்து அவள் குரல் கேட்டது. "கட் பண்ணிட்டான், வாரான். அப்பளத்தப் பொரிங்க." தம்பி மனைவி ஏதோ சொல்கிறாள். எண்ணெய் பொரிகிறது. ராத்திரிச் சாப்பாட்டு நேரத்து இன்னொன்றில் செல்வம் கேலி செய்கிறான்.

"ஏம்மா, தீப்பெட்டிய எங்க வச்சோம்னு ஒனக்குத் தெரியல. அம்புட்டு நீள நம்பரு மட்டும் எப்படித் தெரியுது?"

"போடா. தீப்பெட்டியா கூப்பிட்டா வரும்?"

லீனா அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "இது செய்தி இல்லை, சமையலறை" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஏதோ தட்டச்சு செய்து மேலிடத்துக்கு அனுப்பினாள். அடுத்த வாரம் பதில் வந்தது. திரும்பிப் போனதற்கான கட்டணத்தைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். வந்ததற்கானதை நான் கட்ட வேண்டும். கட்டிவிட்டேன். எண் தப்பித்தது. குரல் பெட்டியை எடுத்துவிடச் சொன்னேன். எடுத்தால் உள்ளே இருப்பவையும் அழிந்துவிடும், பரவாயில்லையா என்று லீனா போனில் கேட்டாள். ஒரு நாள் அவகாசம் வாங்கி, எல்லாவற்றையும் ஒரு முறை கேட்டுவிட்டு, சரி என்றேன். வெளிநாடுகளில் இருக்கும் நம்மவர்களுக்கும் அதையே சொல்கிறேன். ஊருக்குக் கிளம்புமுன் குரல் பெட்டியை எடுத்துவிடுங்கள்.

இப்போது கட் பண்ணினால் செலவில்லை. ஆனால் நான் போய்விட்டு வந்ததிலிருந்து அம்மாவின் முறை மாறிவிட்டது. இரண்டு ரிங்கில் வைத்துவிடும் பழக்கம் மறந்துபோயிற்று. நான் இன்னும் கொடிக்காலில் இருப்பதாகவே நினைத்து, நான் கட் பண்ணும் வரை விடுகிறாள். அங்கே மதியச் சாப்பாட்டு நேரம், இங்கே நான் பட்டறையில் அளவுக் கருவியை எடுத்துவைக்கும் காலை. மேசையில் போன் அதிர்கிறது. உடன் வேலை செய்பவர் என்னைப் பார்க்கிறார். கட் பண்ணினால் அங்கே அப்பளம் பொரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் விரலை எடுத்துவிட்டு, அதுவாக ஓயும் வரை அடிக்க விடுகிறேன்.