மருந்தடித்த டேப்

நாமக்கல்லுக்குத் தெற்கே, சோளக்காட்டு நடுவே ஒரு கோழிப்பண்ணை. அதன் கேட்டில் காவல் நிற்கும் வீரபாகுவைத் தாண்டி எதுவும் மருந்தில் நனையாமல் உள்ளே போனதில்லை. லாரி என்றால் சக்கரம் மருந்துத் தொட்டியில் இறங்கி ஏற வேண்டும். ஆள் என்றால் கால் நனைய வேண்டும். கையில் இருப்பது எதுவானாலும் முதுகில் தொங்கும் ஸ்பிரேயரிலிருந்து அதற்கு ஒரு சாரல். ஒருநாள் ஓனரே புதுச்சட்டையோடு வந்து, "எனக்குமா வீரபாகு?" என்றார். "ஓனருன்னு கோழிச்சீக்குக்குத் தெரியுமுங்களா?" என்று கேட்டுக்கொண்டே அடித்துவிட்டார்.

ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியோடு வடநாடெல்லாம் சுற்றியவர் வீரபாகு. பைப் விழுந்து முழங்கால் போன பிறகு இந்த வேலைக்கு வந்தார். பக்கத்துப் பண்ணையில் ஒரு ஷெட் கோழி மொத்தமும் சீக்கில் போனதைக் கண்ணால் பார்த்தவர். அதனால்தான் இத்தனை கெடுபிடி.

இந்த மழைக்காலத்தில் சுற்றுவட்டாரத்தில் மறுபடியும் சீக்குப் பேச்சு கிளம்பியது. பயம் தீரும்வரை உள்ளே குடியிருப்பவர்கள் யாரும் வெளியே போகக்கூடாது என்று ஓனர் சொல்லிவிட்டார். அதில் மாட்டிக்கொண்டவள் மைதிலி, முட்டை எடுக்கும் வேலுசாமியின் மகள். ஒன்பதாவது படிக்கிறாள். பள்ளிக்கூடம் போக முடியாமல் வாசலில் நின்றவளைப் பார்த்து, "சும்மா நிக்கறதுக்குத் தீவன பக்கெட்டத் தூக்கு. இனிமே என்ன படிப்பு?" என்றார் அப்பா.

வீரபாகுவுக்குச் சுருக்கென்றது. அவர் மகளும் லீவுக்கு என்றுதான் மில்லுக்குப் போனாள். அப்புறம் பள்ளிக்கூட வாசலை மிதிக்கவேயில்லை.

அன்றே வகுப்பாசிரியை இன்பமேரிக்குப் போன் போட்டார். பழைய மாணவர்களிடம் கேட்டு வாங்கிய தொடுதிரை டேப்கள் சில டீச்சரிடம் இருந்தன. "சிம் போட்டு ஒண்ணு அனுப்பறேங்க. வகுப்ப அப்படியே வீடியோவுல காட்டறேன். பேரக் கூப்பிட்டா அவ பதில் சொல்லணும்."

வீரபாகு போய்ச் சொன்னபோது வேலுசாமி இழுத்து இழுத்துப் பேசிக் கடைசியில் இறங்கிவந்தார். "திங்கக்கெழமை பாடம் வந்தாப் பாக்கலாமுங்க. வரலைன்னா அவ தீவனத்துக்குத்தான்."

ஞாயிறு மாலை முட்டை வண்டிக்காரன் தங்கமுத்து டேப்பைக் கொண்டுவந்தான். அட்டைப்பெட்டி உள்ளே போகக்கூடாது என்பது கேட்டின் சட்டம். வீரபாகு பெட்டியைக் கிழித்து எறிந்தார். டேப்பைக் கையில் எடுத்தார். பழகிய கை ஸ்பிரேயரை அமுக்கியது. முன்பக்கம், பின்பக்கம், ஓரத்து ஓட்டைகூட விடாமல்.

"மாமா! நனைச்சுப்போட்டீங்களே!" உள்ளே காத்திருந்த மைதிலி அலறினாள். பாய்ந்து வாங்கி ஆன் செய்தாள். திரை ஒருதரம் மினுங்கி அணைந்தது.

"ஓனரையே விடலை, டேப்ப உடுவாரா?" என்றான் தங்கமுத்து. வீரபாகு துண்டால் துடைத்தார், உதறினார், ஊதினார். சார்ஜ் போடும் ஓட்டையிலிருந்து இன்னொரு சொட்டு வந்தது. காயவைக்க வெயிலும் இல்லை, வானம் மூடிக்கிடந்தது.

குஞ்சு ஷெட்டில் மட்டும் எப்போதும் சூடு. புதிதாகப் பொரிந்த குஞ்சுகளுக்கு அங்கே பல்பு எரிந்துகொண்டே இருக்கும். வீரபாகு அதன் வாசலில் நின்று, ஷெட்டைப் பார்த்துக்கொள்ளும் சௌந்திரத்தைக் கூப்பிட்டார்.

"ஏனுங்ணா, குஞ்சுக்குப் பாடம் நடத்தப் போறீங்களா?"

"சிரிக்காத அம்மணி. பல்புக்குப் பக்கத்துல கொஞ்சம் வெய்யி."

"மருந்தடிச்சாச்சுங்களா?"

"அதனாலதான் இந்தக் கதியே!"

சௌந்திரத்துக்குச் சிரிப்பு அடங்கவில்லை. தீவனத்தட்டைக் கவிழ்த்து, ஓட்டை கீழே பார்க்கும்படி டேப்பைச் சாய்த்து வைத்தாள். "காயற வரைக்கும் ஆரும் அமுக்கிப் பாக்கப்படாது. குஞ்சு மேல ஏறிப் பேண்டா நான் பொறுப்பில்லைங்."

திங்கள் காலை மைதிலி யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு குஞ்சு ஷெட் வாசலுக்கு வந்தாள். வேலுசாமி பக்கெட்டோடு நின்றார். சௌந்திரம் டேப்பைத் துடைத்துக் கொடுத்தாள். பொத்தானை அமுக்கிவிட்டு மைதிலி கண்ணை மூடிக்கொண்டாள். வீரபாகு மூடவில்லை. திரை கறுப்பாகவே கிடந்தது. அப்புறம் மெல்ல வெளுத்தது. கொஞ்ச நேரத்தில் வீடியோ கால் வந்தது, மைதிலி எடுத்ததும் கரும்பலகை தெரிந்தது, அதன் முன்னால் இன்பமேரி டீச்சர்.

"மைதிலி?"

"உள்ளேன் மிஸ்!"

அவளோடு சேர்ந்து ஷெட்டுக் குஞ்சுகள் மொத்தமும் கீச்சிட்டன. அந்தப்பக்கம் வகுப்பே சிரித்தது.

"என்னடி, ஆயிரம் பேரக் கூட்டிட்டு வந்திருக்க?"

"எல்லாரும் உள்ளேன் மிஸ்!"

வீரபாகு அப்போதுதான் மூச்சுவிட்டார். வேலுசாமி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பக்கெட்டை மறுகைக்கு மாற்றிக்கொண்டார். "தீவனம் நானே போட்டுக்கறேன். நீ சத்தமில்லாத எடமாப் பாத்து உக்காரு சாமி."

கேட்டில் ஹாரன் கேட்டது. வீரபாகு நொண்டிக்கொண்டு விரைந்தார். தங்கமுத்து தன் போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி இறங்கினான். "அண்ணா, இதுக்குமா?"

"அதுக்கு இனிமே மருந்து நனைச்ச துணி," என்று சொல்லிப் போனை வாங்கித் துடைத்துக்கொண்டே, "தண்ணி உனக்கு மட்டுந்தான்" என்று ஸ்பிரேயரை அமுக்கினார்.