மேகம் மறைத்த காட்சிமுனை

வியாபாரிகள் சங்கத்துச் செயலாளர் வேலையில், மழை பெய்தாலும் திட்டு, வெயில் அடித்தாலும் திட்டு. ஏதாவது ஒரு சங்கத்தில் மாட்டிக்கொண்டு முழிக்கிற அன்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வளர்ந்த ஊர்

குன்னூரை ஒட்டி, கோத்தகிரி சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். தேயிலைத் தோட்டமாக இருந்த சரிவுகளில் இப்போது வீடுகள், காட்டேஜ்கள், என்னுடைய பெயின்ட் கடை உட்பட வரிசையாகக் கடைகள். ஊர் பெருத்துவிட்டது, வியாபாரம்தான் பெருகவில்லை. டூரிஸ்ட் வேன்கள் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தன.

அதிகம் அடிபட்டவர் செல்வராணி. எஸ்டேட் வேலையை விட்டு, கையில் வந்ததையெல்லாம் போட்டு, வளைவில் பேக்கரி திறந்தவர். டீயும் சுடச்சுட வர்க்கி பிஸ்கட்டும் அங்கே பிரமாதமாக இருக்கும். தின்னத்தான் ஆள் இல்லை. சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க செயலாளரே, இந்த சீசன்லயும் வண்டி நிக்கலீன்னா, நான் கடைய மூடிப்போட்டு மக கூடத் திருப்பூர் போயிருவேனுங்க. அப்புறம் சந்தா கேட்டு யாரு ஊட்டுக்கு வருவீங்க?"

யார் கடைக்கு எதிரில்?

காட்சிமுனை ஒன்று அமைத்தால் வேன் நிற்கும் என்று நான்தான் சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள். எங்கே அமைப்பது என்று கேட்டதும் கை தட்டியவர்களெல்லாம் எதிரிகளாகிவிட்டார்கள். ஆளாளுக்குத் தன் கடைக்கு எதிரில்தான் உலகத்திலேயே அழகான காட்சி இருப்பதாகச் சத்தியம் செய்தார்கள்.

கடைசியில், செல்வராணி கடைப் பக்கத்து வளைவில் நின்றால் மேட்டுப்பாளையம் வரை தெரியும் என்பதால் அந்த இடமே முடிவாயிற்று. எங்கள் பொருளாளர் போஜன் மட்டும் விடவில்லை. மலைக்காய்கறிக் கடை வைத்திருக்கும் அவருக்கு எதிரே இருப்பது வெறும் மண்மேடு.

"கீழ்நாட்டுல இருந்து வர்றவங்க மண்மேட்டைப் பாத்திருக்க மாட்டாங்கல்லங்க?" என்றார்.

வானம் வெளுத்தது

அனுமதி வாங்கி, கம்பி வேலி போட்டு, பெஞ்சும் போட்டோம். திறந்த வாரம் முழுக்க வானம் கண்ணாடி போலத் துலங்கியது. வேன்களும் நின்றன! இறங்கினார்கள், செல்பி எடுத்தார்கள், ஏறினார்கள், போய்விட்டார்கள். செல்வராணியின் கண்ணாடிப் பெட்டியில் காலையில் அடுக்கிய வர்க்கி சாயங்காலமும் அப்படியே இருந்தது. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் சாலையின் மறுபக்கமாக நடந்து போனேன். நிஜமாகவே மனசு கஷ்டப்பட்டது.

ஒரு டிரைவரை நிறுத்தி, டீ குடித்துவிட்டுப் போகக் கூடாதா என்று கெஞ்சினேன்.

"அதான் எல்லாந் தெரிஞ்சிருச்சேங்க, இன்னும் எதுக்கு நிக்கோணும்?" என்று வண்டியை எடுத்துவிட்டார்.

வெள்ளைச் சுவர்

அடுத்த வாரம் விடுமுறைக் கூட்டம் மலையேறியபோது, மேகமும் கூடவே ஏறி வந்தது. காட்சிமுனையில் நின்றால் கம்பி வேலி தெரிந்தது, அதற்கப்பால் சுண்ணாம்படித்த சுவர். போச்சு, சங்கத்தின் மானம் கப்பலேறிவிட்டது என்று நினைத்து, இறங்கியவர்களிடமெல்லாம் மன்னிப்புக் கேட்டேன். "மேகம் இப்ப விலகிடும்ங்க, கொஞ்சம் இருங்க" என்றேன்.

நம்பி இருந்துவிட்டார்கள். குளிரில் பல் கிட்டிக்கவே டீ சொன்னார்கள். டீ வந்ததும் வர்க்கி கேட்டார்கள். பிள்ளைகள் இன்னும் கேட்டன. மேகம் ஓரமாகக் கிழிந்து ஒரு தேயிலைச் சரிவைக் காட்டும், உடனே மூடிக்கொள்ளும். அதைப் பார்த்தவர்கள் மறுபடி உட்கார்ந்து இன்னொரு டீ சொன்னார்கள். பெட்டி காலியாகி, செல்வராணி அடுத்த தட்டை அடுப்பில் ஏற்றினார். நான் மட்டும் மன்னிப்புக் கேட்பதை நிறுத்தவில்லை. அவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"வெலகிரும் வெலகிரும்னு சொல்லீட்டே இருங்க. ஆனா வெலகீரக் கூடாதுங்க, ஆமா!"

திருப்பூருக்கு ஒரு போன்

சீசன் முடிவதற்குள் மேகம் பல நாள் எங்களுக்காக உழைத்தது. ஒரு நாள் நான் டீ குடிக்கப் போனபோது செல்வராணி மாவுக் கையோடு மகளிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"நான் அங்க வர்றதாவது! இங்க கைக்கு ஆள் பத்தலடி, நீ மாப்பிள்ளையக் கூட்டிட்டுப் பொறப்பட்டு வா."

ஊரை முன்னேற்றத் துடிக்கும் சங்கத்து அன்பர்களே, வந்தவருக்கு எல்லாவற்றையும் காட்டிவிட்டால் அவர் கிளம்பிவிடுவார், காட்டுகிறோம் என்று சொல்லி உட்கார வையுங்கள், கடை பிழைத்துக்கொள்ளும்.