டிக்கியில் ஒரு காலிப் பை

கல்யாணங்களுக்கு வாடகைக்கு ஓட்டும் என் பழைய மொரிஸ் மைனர் காரின் டிக்கியில் எல்லாவற்றுக்கும் தனி இடம் உண்டு. தெமோதரை மலைப்பாதை வளைவுகளில் சாமான்கள் இடித்துச் சத்தம் போடக் கூடாதென்று, சாக்குத் துணியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பை தைத்துக் கொடுத்தவள் என் தங்கை.

ஒரு கல்யாணத்தன்று மணப்பெண்ணோடு போகும்போது டயர் பஞ்சராகிவிட்டது. டிக்கியைத் திறந்தால் சக்கரத்தைக் கழற்றும் வீல் ஸ்பானரைக் காணோம். பட்டுச் சேலையோடு அந்தப் பெண் ஆட்டோவில் ஏறிக் கோயிலுக்குப் போனாள். அதற்கு முந்தின நாள் ஜாக்கி இரவல் கேட்டு டிக்கியைத் திறந்தவன் தங்கையின் புருஷன் மட்டும்தான். அவனும் கல்யாணங்களுக்குக் கார் ஓட்டுபவன். அதன் பிறகு என்னை யாரும் கூப்பிடவில்லை, ஓட்டமெல்லாம் அவனுக்கே.

தங்கைக்காக வாயை மூடிக்கொண்டேன். உள்ளுக்குள் கறுவிக்கொண்டே இருந்தேன்.

போன மழைக்கு, ஹல்துமுல்லையில் அவனுடைய மைனர் கார் ஃபேன் பெல்ட் அறுந்து நின்றது. தங்கையும் கூட இருந்தாள். அந்த வழியாக வந்த நான் காரை நிறுத்தி, என்னிடமிருந்த பெல்ட்டை மாட்டிக் கொடுத்தேன்.

"மாப்ள, சாமானெல்லாம் அதது எடத்துல வச்சிருங்க" என்றேன்.

வேலைக்கு எடுத்த சாமான்களை என் டிக்கியில் ஒவ்வொன்றாகப் பைகளில் செருகினான். கடைசிப் பைக்கு வந்ததும் கை நின்றது. அவனுக்குக் குடை பிடித்திருந்த தங்கை எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, இதுல வீல் ஸ்பானர்தானே இருக்கும்? எங்க?"

"ஒன் வீட்டுக்காரருகிட்ட கேளும்மா."

அவனைப் பார்த்தாள். அவன் நிமிரவேயில்லை. குடையை மெல்ல என் பக்கம் நகர்த்தினாள். அவன் நனைந்துகொண்டு நின்றான்.

வழியில் நின்றவனுக்கு உதவினேனென்று ஊரில் என்னை மெச்சுகிறார்கள். நானும் பேசாமல் கேட்டுக்கொள்கிறேன். புது ஸ்பானர் எப்போதோ வாங்கியாயிற்று. சீட்டுக்கு அடியில் கிடக்கிறது. அந்தப் பையை மட்டும் இன்னும் காலியாகவே வைத்திருக்கிறேன்.